ஒரு சாண் ஆண்டெனா

செங்காட்டுப்புதூரில் முதன்முதலாகப் பேசியது ராமாத்தாள் கடை இட்லிக் குண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு, இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தபோது, மூடியைத் தூக்கப்போன ராமாத்தாளிடம் அது, "வலது பக்கம் சரளை கெடக்குதுங்க, பாத்து வாங்க" என்றது. ராமாத்தாள் வலது பக்கம் பார்த்தாள். சரளை எதுவும் இல்லை, தேங்காய்ச் சட்னிதான் இருந்தது. குரல் எல்லோருக்கும் தெரிந்த குரல், தேங்காய்க் கொப்பரை வியாபாரி நாச்சிமுத்துவின் குரல். அவரோ விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் பழனியைத் தாண்டி அந்நேரம் கொடைக்கானல் மலையேறிக்கொண்டிருப்பார் என்பது கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் எழுந்து ஓடவில்லை. "நாச்சிமுத்து மலையில இருந்து பேசறாப்ல" என்று ஒருவர் சொன்னார், "சத்தம் நல்லாத்தான் வருது" என்று இன்னொருவர் சொன்னார், பிறகு இரண்டு பேரும் இன்னும் இரண்டிரண்டு இட்லி வைக்கச் சொன்னார்கள்.

எங்கள் ஊர் பைக் கிளப்பில் அப்போது ஒன்பது பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஒன்பது வண்டிகளும் வரிசையாகக் கிளம்பி ஏதாவது ஒரு மலையைத் தொட்டுவிட்டுச் சாயங்காலம் திரும்பும். முதலில் யசோதா டீச்சர் போவார். அவர் கணக்கு டீச்சர், எண்ணிக்கையில் தப்பு வராது என்பதற்காக அவரை முன்னால் விட்டிருந்தோம். கடைசியில் நாச்சிமுத்து போவார். கடைசியில் போகிறவருக்கு வால் என்று பெயர், வாலுக்கு ஒரே ஒரு வேலை, முன்னால் போகிற எட்டுப் பேரையும் பார்த்துக்கொண்டே போய் வளைவுக்கு வளைவு வாக்கி டாக்கியில் "எல்லாரும் வர்றோம்" என்று சொல்லவேண்டும். மலையில் செல்போன் எடுக்காது என்பதால் ஒன்பது வண்டியிலும் வாக்கி டாக்கி மாட்டியிருந்தது, பின்னால் கேரியரில் ஆறடி ஆண்டெனா, இடது கைப்பிடியில் ஒரு பொத்தான். பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும், பின்னால் வருகிறவருக்கும் அது தெரியும், நாம் பேசலாம். விட்டால் பச்சை விளக்கு எரியும், அடுத்தவர் பேசுவது கேட்கும். அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் நாம் பேசிக்கொண்டே இருக்கலாம், ஆனால் யார் பேசுவதும் நம் காதில் விழாது.

இந்த ஒன்பதையும் மாட்டியவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் தண்டபாணி. ஒயரிங் வேலையில் அவர் கெட்டிக்காரர், அதை ஊரே ஒத்துக்கொள்ளும், ஊர் ஒத்துக்கொள்ளாத நாளில் அவரே ஒத்துக்கொள்வார். ரேஞ்ச் என்பது வாக்கி டாக்கியில் இல்லை, மாட்டுகிற விதத்தில் இருக்கிறது என்பார். எர்த் ஒயரைப் பெயின்ட் மேல் முடுக்கக்கூடாது, பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் முடுக்கவேண்டும். கேபிள் ஸ்பார்க் பிளக் பக்கம் போகக்கூடாது, போனால் கரகரவென்று இழுக்கும். ஆண்டெனாவைக் கடைசியில் நூல் நூலாக நறுக்கித்தான் சுதி சேர்க்கவேண்டும், கொஞ்சம் கூடுதலாக நறுக்கிவிட்டால் அவ்வளவுதான், குரல் தெருமுனையைத் தாண்டாது. இவ்வளவு தெரிந்த மனிதர் தன் வண்டிக்கு எல்லாவற்றையும் நெய்யில் பொரித்த மாதிரி செய்துகொண்டார். நாச்சிமுத்து வண்டிக்கு மட்டும் எர்த்தைப் பெயின்ட் மேலேயே முடுக்கினார், கேபிளைப் பிளக்கை ஒட்டியே விட்டார். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தண்டபாணியுடையது பழைய வண்டி, மூன்று வண்டிகளின் உதிரியைச் சேர்த்து அவரே கட்டியது. நாச்சிமுத்துவுடையது இரண்டு பக்கமும் பெட்டி வைத்த புது டூரிங் வண்டி, தெருவில் போனால் குழந்தைகள் வாசலுக்கு வரும். தண்டபாணிக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும், எரிகிற வயிற்றோடு மாட்டிய எர்த் அது.

அப்படி மாட்டிய செட்டிலிருந்துதான் குரல் அறுபது கிலோமீட்டர் தாண்டி இட்லிக் குண்டானுக்குள் வந்து விழுந்திருக்கிறது என்று அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த தண்டபாணியிடம் அவர் மனைவி சாந்தாமணி சொன்னாள். அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள், அளந்து பேசுவாள்.

"நம்ம பித்தளைக் கொடத்துலயும் கேட்டுச்சுங்க. எங்க பள்ளம், எங்க மாடு நிக்குது, எல்லாம் சொல்லிட்டே வந்தாரு."

"நான் பேசுனது கேட்டுச்சா?"

"நீங்க பேசுனீங்களா?"

தண்டபாணி அன்று முழுக்கப் பேசியிருந்தார். "ஹலோ, டெஸ்டிங், எதுவரைக்கும் கேக்குது" என்று கொடைக்கானல் ஏறி இறங்குகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தார், அவருக்கு முன்னால் போன வண்டிக்குக்கூட அது கேட்கவில்லை. நெய்யில் பொரித்த ஒயரிங்கில் அவர் குரல் அவருடைய பின் சக்கரத்தைத் தாண்டவில்லை. சோற்றில் கைவைத்தவர் பாதியில் கழுவிவிட்டு எழுந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை நாச்சிமுத்து வண்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார். மூன்று பக்கமும் தென்னந்தோப்பு சூழ்ந்த பெரிய வீட்டில் தனியாக இருப்பவர், கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய்ப் பிறகு யாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டுவிட்ட வயது, அதனால் கடை கடையாக நின்று பேசுவது அவருக்குப் பழக்கம்.

"ஏனுங்ண்ணா, உங்க கைராசியே கைராசிங். கொழும்பு வரைக்கும் போகும்போல இருக்குதே நம்ம செட்டு. எதுக்கும் ஒருக்கா பாத்துக் குடுத்துருங்."

தண்டபாணி பார்த்துக் கொடுத்தார். நாச்சிமுத்து டீ வாங்கப் போயிருந்த நேரத்தில் கட்டரை எடுத்து ஆண்டெனாவின் நுனியில் ஒரு சாண் அளந்து நறுக்கிவிட்டார். நூல் அளவு கூடினாலே செட்டு ஊமையாகிவிடும் என்பது அவர் தொழிலில் பாலபாடம், ஒரு சாண் என்பது கழுத்தைத் திருகுவதற்குச் சமம். துண்டை டிராயருக்குள் போட்டுவிட்டு டீயையும் வாங்கிக் குடித்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது, நன்றாகவே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாச்சிமுத்துவின் குரல் எங்கள் ஊர்ப் பாத்திரங்களோடு நிற்காமல் உடுமலை பஸ் ஸ்டாண்டு டிக்கெட் மெஷினிலும், மடத்துக்குளம் கரும்பாலைக் கொப்பரையிலும், தாராபுரத்தில் ஒரு கல்யாண வீட்டு நாதஸ்வரத்தின் அடிப்பக்க உலோக அனசிலும் கேட்டது. தண்டபாணி அடுத்த திங்கள் இன்னொரு சாண் நறுக்கினார், குரல் கோயமுத்தூர் நகைக்கடைகளின் தராசுத்தட்டில் வந்தது. இன்னொரு சாண் நறுக்கினார், குரல் தூத்துக்குடியில் கப்பல் நங்கூரத்தில் வந்தது. இன்னொரு சாண் நறுக்கினார், சவூதி தம்மாமில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பையன்கள் போன் போட்டு, இங்கே சமையல்கூடத்துச் சட்டுவத்தில் நாச்சிமுத்து மாமன் குரல் கேட்கிறது, ஆனைமலை ரோட்டில் மூன்றாவது பாலத்துப் பக்கம் வேகத்தடை போட்டிருக்கிறார்களாமே என்று விசாரித்தார்கள். ஒவ்வொரு திங்களும் நாச்சிமுத்து வந்து நின்று, "எல்லாம் உங்க கைராசிங்ண்ணா" என்றார், ஒவ்வொரு திங்களும் தண்டபாணி டிராயரில் ஒரு துண்டு சேர்ந்தது.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரங்களைப் புளிபோட்டுத் துலக்கி வாய் மேலே பார்க்க வைப்பது வழக்கமானது. பரணில் கிடந்த பித்தளை எல்லாம் கீழே இறங்கியது, பிளாஸ்டிக் குடம் பேசாது என்பதால் அதற்கு மரியாதை போனது, பெண் பார்க்க வந்தவர்கள் சீருக்குப் பித்தளையில் என்ன செய்வீர்கள் என்று கூச்சப்படாமல் கேட்டார்கள். ஆறு மணி முதல் பதினொன்று வரை கொட்டு மேளம் அடிக்கக்கூடாது என்று பஞ்சாயத்தில் எழுதி ஒட்டினார்கள். நாச்சிமுத்து சொன்னதெல்லாம் ரோட்டைப் பற்றித்தான், ஆனால் கேட்டவர்கள் அவரவர் பாட்டை அதில் கேட்டார்கள். "முன்னாடி பள்ளம் இருக்குது, அவசரப்படாதீங்க" என்று குத்துவிளக்கு சொன்னதைக் கேட்டு இரண்டு பங்காளிகள் நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார்கள், ஆறு மாதம் கழித்துப் போட்டிருக்கலாமே என்று ஒருவரும், போடாததே நல்லது என்று இன்னொருவரும் சொன்னார்கள். "லாரிக்கு வழி விடுங்க, போயிட்டுப் போறான்" என்று அரிவாள்மனை சொன்ன அன்று, ஒன்பது வருடம் பேசாமல் இருந்த ஒரு மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் பொங்கல் வைத்தார்கள். சரளையும் பள்ளமும் எங்கெங்கே என்று ஊர் ஊராகக் கேட்க ஆரம்பித்துவிட்டதால் நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் ஞாயிறு மதியமே தார் டின்னோடு கிளம்பிவிடுவார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது, அதை நான் கண்ணால் பார்க்கவில்லை.

தண்டபாணிக்குத்தான் தூக்கம் போனது. ஊரார் வழியில் நிறுத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னமாய் மாட்டியிருக்கிறீர்கள் அந்த செட்டை, அந்தக் கைக்கு மோதிரம் போடவேண்டும் என்றார்கள். கெடுத்ததற்கு இவ்வளவு பாராட்டு வாங்கிய ஆள் எங்கள் தாலுகாவில் வேறு யாரும் இல்லை. பாராட்ட பாராட்ட அவருக்கு உடம்பு இளைத்தது. தன் ஆண்டெனாவை நறுக்க மனம் வராமல் அவர் அதை நீட்டினார், ஆறடியை எட்டடி ஆக்கினார், எட்டைப் பத்து ஆக்கினார், பத்துக்கு மேல் ஒரு எஃகுத் தூண்டில் கோலைச் செருகிப் பன்னிரண்டு அடி ஆக்கினார். அதை வைத்துக்கொண்டு அவர் போகிற வழியில் மாரியம்மன் கோயில் தோரணம் அறுந்தது, ஒரு வீட்டு மாடியில் காய்ந்த வேட்டி கூடவே மூணாறு வரை போனது. பேசுவதற்கு இடைவெளி விட்டால் அந்த இடைவெளியில் நாச்சிமுத்து புகுந்துவிடுகிறான் என்று தோன்றவே, சைக்கிள் டியூபில் ஒரு பட்டை கிழித்துப் பொத்தான் எந்நேரமும் அமுங்கியே இருக்கும்படி கைப்பிடியோடு இறுக்கிக் கட்டினார். அன்றிலிருந்து அவர் வண்டியில் சிவப்பு விளக்கு கிளம்பும்போது எரிந்தால் திரும்பி வந்து சாவியைத் திருப்பும்போதுதான் அணையும். அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. நாச்சிமுத்து பேசியதோ அவருடைய பெட்ரோல் டேங்குக்குள்ளிருந்தே அவருக்குக் கேட்டது, இரண்டு முழங்காலுக்கு நடுவில்.

இதையெல்லாம்கூட அவர் தாங்கியிருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரம் தாண்டும்போது வண்டியில் செயின் அறுந்து, டெம்போவில் ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கே வீடு திரும்பினார். சந்தில் நுழையும்போதே கவனித்தார், தையல் மெஷின் சத்தம் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தார். சாந்தாமணி அடுக்களையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பித்தளைக் குடத்தை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதன் வாய்க்குள் குனிந்து என்னவோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். பேசிவிட்டுக் காதை வைத்தாள், பிறகு மறுபடியும் பேசினாள். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, அந்தச் சிரிப்பைத் தண்டபாணி கல்யாணமான புதிதில் பார்த்தது.

அவர் உள்ளே வந்தபோது அவள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"கொடத்துல நானும் ஒண்ணு சொல்லிப் பாத்தனுங்க. உங்க செட்டுல ஏதாச்சும்..."

"நாச்சிமுத்துகிட்ட உனக்கு என்ன பேச்சு?"

சாந்தாமணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஆரம்பித்த வாக்கியங்களில் பாதியை அவர் இப்படித்தான் முடித்து வைத்திருக்கிறார். அவள் எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்தாள், மெஷின் சாயங்காலம் வரை நிற்கவில்லை. தண்டபாணிக்கு அதற்குப் பிறகு ரேஞ்ச் ஒரு பொருட்டாக இல்லை. தன் பெண்டாட்டி அடுத்தவன் குரலுக்குக் காத்திருக்கிறாள், அடுத்தவன் குரலுக்குப் பதில் சொல்கிறாள், தான் பக்கத்தில் நின்று பேசினாலும் அவளிடம் வராத சிரிப்பு எண்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவன் பள்ளம் என்று சொன்னால் வருகிறது. இந்த எண்ணம் அவர் கூடவே எழுந்து கூடவே படுத்தது.

மறுநாள் நாச்சிமுத்து வழக்கம்போல வந்தார். அவர் ஆண்டெனாவில் அப்போது ஒரு சாண்தான் மிச்சம். தண்டபாணி அவர் டீ வாங்கப் போகும்வரைகூடக் காத்திருக்கவில்லை, அவர் கண் முன்னாலேயே அடியோடு வெட்டிக் கேரியரை மொட்டையாக்கினார். நாச்சிமுத்து அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆண்டெனாவே வேண்டாமுங்களா?"

"வேண்டாம்."

"நீங்க சொன்னாச் சரிங்ண்ணா" என்றார் நாச்சிமுத்து, வேறு யாரிடமும் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை இருந்ததில்லை.

அந்த ஞாயிறு வால்பாறை. ஆழியாரிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, அன்று கீழிருந்தே பனி இறங்கியிருந்தது. செங்காட்டுப்புதூரில் ஆறு மணிக்குப் பாத்திரங்களை எடுத்து வைத்தவர்கள் அதற்கு அவசியமே இல்லை என்று கண்டுகொண்டார்கள், ஏனென்றால் அன்று நாச்சிமுத்துவின் குரல் உலோகம் என்று பேர் சொல்லக்கூடிய எல்லாவற்றிலும் வந்தது. தாழ்ப்பாளில் வந்தது, சாவிக்கொத்தில் வந்தது, ரவிக்கை ஊக்கில் வந்தது, குழந்தையின் அரைஞாண் வெள்ளியில் வந்தது, ராமாத்தாளின் மூக்குத்தியில் வந்து அவளைத் தும்ம வைத்தது. "எல்லாரும் வர்றோம். டீச்சர் முன்னாடி. தண்டபாணி அண்ணன் எனக்கு முன்னாடி போறாரு, சிவப்பு லைட்டு இன்னும் எரிஞ்சிட்டேதான் இருக்குது" என்று அது ஒவ்வொரு வளைவிலும் சொன்னது.

பத்தொன்பதாவது வளைவில் பன்னிரண்டு அடி ஆண்டெனா ஓரத்து மூங்கில் தூருக்குள் போய் மாட்டியது. வண்டி முன்னால் போனது, ஆண்டெனா பின்னால் நின்றது, வில்லாக வளைந்த தூண்டில் கோல் ஒரு கணம் யோசித்துவிட்டு வண்டியையும் தண்டபாணியையும் சேர்த்துத் தடுப்புச் சுவருக்கு அப்பால் கீழே சரிவில் இருந்த உண்ணிச்செடிப் புதருக்குள் வீசியது. பனியில் யாருக்கும் தெரியவில்லை. நாச்சிமுத்து அந்த இடத்தைத் தாண்டிப் போனார், முன்னால் சிவப்பு விளக்கு தெரியாததைப் பனி என்று நினைத்துக்கொண்டார். இருபத்தோராவது வளைவில் யசோதா டீச்சர் நிறுத்தி எண்ணினார், எட்டு வந்தது, திரும்பவும் எண்ணினார், எட்டுதான்.

"எண்ணிக்கையில ஒண்ணு கொறையுதுங்க" என்று தாழ்ப்பாள்கள் சொல்லின. "தண்டபாணி அண்ணனக் காணோம்."

புதருக்குள் கிடந்த தண்டபாணிக்கும் அது கேட்டது. அவருடைய பெல்ட் பக்கிள் சொன்னது, ஹெல்மெட் கொக்கி சொன்னது, தண்டபாணி அண்ணனக் காணோம் என்று அவர் உடம்பில் இருந்த இரும்பெல்லாம் அவரிடமே சொன்னது. வலது கால் வண்டிக்கு அடியில் இருந்தது. "இங்கதான்டா கெடக்கறேன்" என்று அவர் வாக்கி டாக்கியில் கத்தினார், "பத்தொம்பதாவது வளைவு" என்று கத்தினார், தொண்டை கட்டும்வரை கத்தினார். மேலே வண்டிகள் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே, தங்கள் சத்தத்தில் அவர் கத்தியது கேட்காமல் இறங்கிப் போயின, திரும்ப ஏறிப் போயின. கால் மரத்துப்போனது. இப்படியே செத்துப்போனால் அதையும் நாச்சிமுத்துதான் ஊருக்குச் சொல்வான், அதையும் அவள் அவன் வாயால்தான் கேட்பாள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

வண்டி இன்னும் ஒரு அடி சரிந்தது. அந்தச் சரிவில் கைப்பிடி ஒரு கல்லில் மோதி, சைக்கிள் டியூப் பட்டை அறுந்தது. எத்தனையோ வாரமாக அமுங்கிக் கிடந்த பொத்தான் மேலே எழும்பியது. சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது.

"...பொத்தான விடுங்க" என்றது வாக்கி டாக்கி. "ஏனுங்க, கேக்குதுங்களா, அந்தப் பொத்தான விடுங்க. எத்தன ஞாயித்துக்கெழமையாச் சொல்றேன். செவப்பு லைட்டு எரியுது எரியுதுன்னு நாச்சிமுத்து வாரா வாரம் சொல்றாரு, நானும் விடுங்க விடுங்கன்னு கொடத்துக்குள்ள கத்தறேன். நீங்க எந்தெந்த வளைவுல எப்படிப் போறீங்கன்னு அந்த மனுசன் சொல்லித்தான் எனக்குத் தெரியுது. போன வாரம் பாத்துப் போங்கன்னு சொன்னேன், அதுக்கு முந்துன வாரம் உங்க நீலச் சட்டைக்குப் பொத்தான் தெச்சுட்டேன்னு சொன்னேன். இப்ப காணோங்கறாங்க. ஏனுங்க, அதை விடுங்க, ஒருக்கா விட்டுப்போட்டு நான் சொல்றதக் கேளுங்க."

தண்டபாணி கேட்டார். கை பொத்தானுக்குப் போனது, கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு முழுவதும் கேட்டார். அவள் அழுதாள், திட்டினாள், குழம்பில் உப்புப் போட்டோமா என்று மறந்துபோய்விட்டது என்றாள், மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப நீங்க பேசுங்க" என்றாள்.

அவர் அமுக்கினார். "பத்தொம்பதாவது வளைவு. மூங்கில் தூருக்குக் கீழ. கால் மாட்டிக்கிச்சு, மத்தபடி ஒண்ணுமில்ல." பிறகு, "நீலச் சட்டையா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தானை விட்டார்.

குடத்துக்குள் அது கேட்டது. சாந்தாமணி குடத்தை இடுப்பில் வைத்தபடியே தெருவுக்கு ஓடிவந்து சொல்ல, யாரோ ஆழியார் செக்போஸ்ட்டுக்குப் போன் போட, காட்டிலாகா ஆட்கள் ஜீப்பில் கயிறோடு போனார்கள். முதலில் கயிற்றைப் பிடித்துக் கீழே இறங்கியவர் நாச்சிமுத்துதான். உண்ணி முள் கை முழுக்கக் கிழித்திருக்க, அவர் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நீங்க இங்க இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்ண்ணா?"

"ஊட்டுல சொன்னேன். செட்டுல."

"கேட்டுச்சுங்களா அங்க?"

"கேட்டுச்சு. அதுக்கு முன்னால அவ பேசுனா. பதில் வந்துச்சு."

நாச்சிமுத்து வண்டிக்கு அடியில் தோளைக் கொடுத்தார். "எனக்கு ஒருதடவகூட வந்ததில்லீங்ண்ணா" என்றார். "நானும் சொல்லிட்டு ஒவ்வொருக்காவும் பொத்தான விட்டுப்போட்டுத்தான் பாக்கறேன். தம்மாம் வரைக்கும் போகுதுங்கறாங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல." அப்போது அவர் முகத்தில் வந்த வயிற்றெரிச்சல் எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த வயிற்றெரிச்சல், அதுவரை அதைத் தண்டபாணி முகத்தில்தான் பார்த்திருந்தோம். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கயிற்றை இறுக்கிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகும் வால் நாச்சிமுத்துதான். ஆனால் அவர் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது, "எல்லாரும் வர்றோம்" என்று சொல்லிவிட்டு நான்கு மூச்சு விடுகிற நேரம் சும்மா இருப்பார், பிறகுதான் அடுத்ததைச் சொல்வார். அந்த நான்கு மூச்சில் எங்கள் ஊரே பாத்திரத்துக்குள் குனிந்து, "சரிங்க", "கேக்குதுங்க", "நீங்களும் பாத்துப் போங்க" என்று சொன்னது. ராமாத்தாள் மூக்குத்தியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு "சாப்பிட்டயா சாமி" என்று கேட்டாள். ஒன்றும் போய்ச் சேரவில்லை என்று திங்கட்கிழமை அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

காலில் மாவுக்கட்டோடு கடையில் உட்கார்ந்திருந்த தண்டபாணியை ஒரு திங்கட்கிழமை நாச்சிமுத்து பார்க்க வந்தார். கடைக்குள் நிறுத்தியிருந்த பழைய வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோல் வளைந்திருந்தாலும் ஆண்டெனா பன்னிரண்டு அடியும் அப்படியே இருந்தது. எர்த்தைத் தொட்டுப் பார்த்தார், கேபிளைத் தடவிப் பார்த்தார், பச்சை விளக்கை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு டீ சொல்லட்டுங்களா" என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, நானே வாங்கி வருகிறேன் என்று தண்டபாணி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாவுக்கட்டுக் காலோடு டீக்கடைக்குப் போய்வரக் கால் மணி நேரம் ஆகும். அவர் அரை மணி நேரம் ஆக்கினார்.

திரும்பி வந்தபோது நாச்சிமுத்து தன் வண்டியில் ஏறிக் கிளம்பிக்கொண்டிருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்டபாணியின் ஆண்டெனா நுனியில் ஒரு சாண் குறைந்திருந்தது, வெட்டிய இடம் பளபளவென்று இருந்தது. கட்டர் அதன் ஆணியில் இல்லை, பெஞ்சில் கிடந்தது. தண்டபாணி ஆண்டெனாவையும் கட்டரையும் மாறி மாறிப் பார்த்தார், தன் டிராயரைத் திறந்து அதில் கிடந்த துண்டுகளையும் பார்த்தார். பிறகு கட்டருக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, அடுத்த திங்கட்கிழமை வருகிறவருக்குத் தேடாமல் கிடைக்கும்படி அதைப் பெஞ்சின் ஓரத்திலேயே வைத்தார்.